மலைக்காற்றும் நான்கு இறக்கையும்

கொடைக்கானலிலிருந்து பூம்பாறை வழியாகச் செல்லும் மலைப்பாதையில், சோலைக்காடும் ஏரியும் படிப்படியாக இறங்கும் பூண்டு வயல்களும் சூழ அமைந்த கூக்கால் என்னும் சிற்றூர், சமுத்திர மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 6,000 அடி உயரத்தில் இருக்கிறது. இராமேசுவரத்துக் கடற்கரையில் ஒரு கன மீட்டர் அளவுள்ள இடத்தில் அடங்கும் காற்றின் நிறையோடு ஒப்பிட்டால், கூக்காலில் அதே அளவுள்ள இடத்தில் அடங்கும் காற்று ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. அவ்வூரில் பிறந்து வளர்ந்தவர் இந்தக் குறைவை உணர்வதேயில்லை. சமவெளியிலிருந்து செல்பவரும் ஏற்றத்தில் நாலடி வேகமாக நடந்தால்தான் மூச்சு வாங்குவதைக் கொண்டு அதை அறிவார். ஆனால் காற்று ஒன்றையே பிடிமானமாகக் கொண்டு அந்தரத்தில் அசையாமல் நிற்க வேண்டிய ஹெலிகாப்டருக்கு இந்த ஆறில் ஒரு பங்கு அற்ப விஷயமன்று. கடற்கரையில் பத்துப் பேரைத் தூக்கிய யந்திரம் மலைமேல் எத்தனை பேரைத் தூக்கும் என்பது இந்தக் கணக்கைப் பொறுத்தே நிற்கிறது.

பழனி மலைத் தொடரையும் அதன் அண்டை மலைகளையும் சேர்ந்த மக்களுக்கு ஹெலிகாப்டர் என்றால் ஆபத்தில் உதவிக்கு வரும் வாகனம் என்றே பழக்கம். 2018-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் காட்டுத் தீயிடையே மலையேற்றக் குழுவினர் சிக்கிக்கொண்ட துயர நாளிலும் விமானப்படையின் ஹெலிகாப்டர்களே மீட்புக்கு வந்தன. நாம் இங்கே ஆராயப் புகுவது அவ்வகையைச் சேர்ந்ததன்று; போர்க்களத்துக்கென்றே படைக்கப்பட்ட தாக்குதல் ஹெலிகாப்டர். எனினும் மலையையும் அதையும் சேர்த்துப் பேசுவதற்குத் தக்க காரணம் உண்டு. நம் நாட்டில் வடிவமைக்கப்பட்ட தாக்குதல் ஹெலிகாப்டராகிய ‘பிரசண்ட்’ எத்தகைய உருவம் பெற வேண்டும் என்பதைத் தீர்மானித்தது பெரும்பாலும் மலையே என்று சொன்னால் அது மிகையாகாது.

1999-ஆம் ஆண்டு கார்கில் போரில் பகைவர் பதுங்கியிருந்த சிகரங்கள் பதினையாயிரம் அடியையும் கடந்த உயரத்தில் இருந்தன. அப்பொழுது நம் விமானப்படையிடம் இருந்த பெரிய தாக்குதல் ஹெலிகாப்டர்களான ருஷ்ய நாட்டு எம்.ஐ.-25, எம்.ஐ.-35 ஆகியவற்றால் அந்த மெல்லிய காற்றில் ஆயுதச் சுமையோடு நின்று போரிட இயலவில்லை. போக்குவரத்துக்கென அமைந்த எம்.ஐ.-17 ஹெலிகாப்டர்களில் ராக்கெட்டுகளைப் பொருத்தி அனுப்பினார்கள். மே 28-ஆம் நாள் அவற்றில் ஒன்று தோளில் தாங்கிச் சுடும் ஏவுகணையால் வீழ்த்தப்பட்டு, அதிலிருந்த நால்வரும் உயிர்த்தியாகம் செய்தார்கள். அந்த இழப்பிலிருந்து பிறந்த தேவையே பிற்பாடு பெங்களூரின் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்தாரின் வரைபடப் பலகையை அடைந்தது. 2006-இல் திட்டம் அறிவிக்கப்பட்டு, 2010 மார்ச் 29 அன்று முதன்முறையாகப் பறந்து, 2022 அக்டோபர் 3 அன்று ஜோத்பூரில் விமானப்படையில் முறைப்படி சேர்க்கப்பட்ட அந்த யந்திரத்தின் தலைமேல் சுழல்வன நான்கு இறக்கைகள்.

ஏன் நான்கு? அமெரிக்கர் வியட்நாமில் பயன்படுத்திய கோப்ரா என்ற முதல் தாக்குதல் ஹெலிகாப்டருக்கு இரண்டே இறக்கைகள். சியாச்சின் பனிமலையில் நம் வீரர்களுக்கு உணவும் மருந்தும் சுமந்து செல்லும் சீட்டாவுக்கு மூன்று. அப்பாச்சிக்கும் ஐரோப்பியரின் டைகருக்கும் நான்கு. எம்.ஐ.-35-க்கு ஐந்து. உலகத்தின் மிகப் பெரிய ஹெலிகாப்டர்களில் ஒன்றாகிய எம்.ஐ.-26-க்கு எட்டு. இந்த வரிசையைப் பார்ப்பவர், இறக்கை கூடக் கூட வல்லமை கூடும் போலும் என்று எண்ணுவது இயல்பே. படித்தவர்கள் பலரிடமும் இந்த அபிப்பிராயம் இருக்கிறது. அது சரியன்று. இறக்கையின் எண்ணிக்கை வல்லமைக்கு அளவுகோல் அன்று. உயரம், வேகம், அதிர்வு, எடை, செலவு ஆகிய பல தேவைகளும் தத்தமக்கு வேண்டியதைக் கேட்டு வாதாட, யந்திர சாஸ்திரி இறுதியில் செய்துகொள்ளும் சமாதானத்தின் விளைவே அந்த எண்.

இதனை விளங்கிக்கொள்ள இறக்கை எப்படித் தூக்குகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். சுழலும் இறக்கை ஒவ்வொன்றும் விமானத்தின் சிறகைப் போலவே காற்றைக் கீழே தள்ளி, அதன் எதிர்விளைவாக மேல்நோக்கிய தூக்குவிசையைப் பெறுகிறது. அவ்விசை நான்கு விஷயங்களைப் பொறுத்தது: காற்றின் அடர்த்தி, இறக்கைகளின் மொத்தப் பரப்பு, அவை காற்றை வெட்டிச் செல்லும் வேகத்தின் வர்க்கம், காற்றை எதிர்கொள்ளும்போது அவை கொண்டிருக்கும் சாய்வு. இவற்றுள் காற்றின் அடர்த்தி இயற்கை தருவது. அதை மாற்ற மனிதனால் ஆகாது. கூக்கால் உயரத்தில் அது கடல்மட்டத்தில் உள்ளதைப் போல் 83 சதவீதமாகவும், சியாச்சினில் 15,800 அடி உயரத்தில் ஏறத்தாழ 61 சதவீதமாகவும் குறைந்துவிடுகிறது. அடர்த்தியில் இழந்ததை எஞ்சிய மூன்றில் ஏதேனும் ஒன்றைக் கூட்டித்தான் ஈடு செய்ய வேண்டும்.

முதலில் தோன்றும் யோசனை, இறக்கையை வேகமாகச் சுழற்றுவது. வேகத்தின் வர்க்கம் கணக்கில் வருவதால் சிறிது வேகம் கூட்டினாலே பெரும்பயன் கிடைக்கும் அல்லவா? ஆனால் அந்த வழியில் ஒலியின் வேகம் சுவராக நிற்கிறது. பிரசண்டின் இறக்கைகள் சேர்ந்து அமைந்த சுழலி குறுக்களவில் 13 மீட்டருக்குச் சற்று அதிகம். வினாடிக்கு ஐந்து சுற்றுக்குச் சற்றுக் கூடுதலாகச் சுழலும்போது இறக்கை நுனி வினாடிக்கு ஏறத்தாழ 215 மீட்டர் வேகத்தில் காற்றைக் கிழிக்கிறது. மணிக்கு 774 கிலோமீட்டர் என்று சொன்னால் இதன் உக்கிரம் விளங்கும். ஹெலிகாப்டர் மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்தில் முன்னேறுகையில், முன்னோக்கிச் சுழன்று வரும் இறக்கை நுனிக்கு அந்த வேகமும் சேர்ந்து வினாடிக்கு 284 மீட்டர் ஆகிவிடும். பின்னோக்கிச் செல்லும் இறக்கை நுனிக்கோ அது கழிந்து 146 மீட்டராகக் குறையும். ஒலியின் வேகத்தை நெருங்கும் இறக்கையில் அதிர்ச்சி அலைகள் தோன்றி, இழுவை பன்மடங்கு பெருகி, காதைப் பிளக்கும் சப்தமும் எழும். மலை உயரத்தில் இன்னொரு சங்கடமும் உண்டு. காற்று குளிரக் குளிர அதனூடே ஒலி செல்லும் வேகமும் குறைகிறது. 30 டிகிரி உஷ்ணத்தில் வினாடிக்கு 349 மீட்டராக இருப்பது, பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரியில் 319 மீட்டராகிவிடும். ஆகவே அதிக வேகம் எங்கே மிகவும் வேண்டியிருக்கிறதோ, அங்கேதான் வேகத்துக்கான எல்லையும் கீழிறங்கி வந்து வழிமறிக்கிறது. இயற்கையின் இந்த ஏற்பாட்டை அறிந்தபின் மலை ஹெலிகாப்டரை வடிவமைப்பவரின்மேல் ஓர் அனுதாபம் பிறக்காமல் போகாது.

அடுத்த வழி சாய்வைக் கூட்டுவது. விமானி தம் இடக்கையில் உள்ள நெம்புகோலை உயர்த்தினால் இறக்கைகள் அனைத்தும் ஒருசேரச் சாய்வு கூடித் தூக்குவிசை மிகும். இதற்கும் ஓர் எல்லை இருக்கிறது. அந்த எல்லையைத் தாண்டினால் இறக்கையின் மேற்பரப்பைத் தழுவி ஓடிய காற்று பிய்ந்து விலகி, தூக்குவிசை திடீரென்று சரிந்துவிடும். முன்னே சொன்ன கணக்கில், பின்னோக்கிச் செல்லும் இறக்கை நுனியின் வேகம் முன்னோக்கி வருவதன் வேகத்தில் பாதியளவே இருப்பதால், வர்க்கத்தின் விதிப்படி ஒரே சாய்வில் அது தரும் விசை நான்கில் ஒரு பங்குக்குச் சற்றே அதிகம். இரு பக்கமும் சமன் ஆகாவிட்டால் யந்திரம் ஒருபுறமாக உருண்டுவிடும். ஆதலால் பின்செல்லும் இறக்கைக்குச் சாய்வை மிகவும் கூட்டிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. கடல்மட்டத்திலேயே அது தன் எல்லைக்கு அருகில்தான் வேலை செய்கிறது. சியாச்சினில் அதே எடையைத் தாங்க, ஒவ்வொரு இறக்கையும் தன் பரப்பளவுக்கு 60 சதவீதத்துக்கும் மேலாக அதிகம் உழைக்க வேண்டும் என்றால், அந்த மிகுதிக்கு இடம் ஏது?

எஞ்சியது பரப்பு ஒன்றே. சுழலி வரையும் வட்டத்தின் மொத்த விஸ்தீரணத்தில் எத்தனை பங்கை இறக்கைகள் மெய்யாகவே நிரப்புகின்றன என்பதை ஒரு விகிதமாகச் சொல்வது இந்த சாஸ்திரத்தில் வழக்கம். கோப்ராவின் இரண்டு இறக்கைகளும் ஒவ்வொன்றும் 69 சென்டிமீட்டர் அகலம் கொண்டவை, 13.4 மீட்டர் குறுக்களவுள்ள வட்டத்தில் அவை நிரப்புவது ஏறத்தாழ ஆறரை சதவீதம். அப்பாச்சியின் நான்கு இறக்கைகளும் 53 சென்டிமீட்டர் அகலமே உள்ளவை, ஆனாலும் 14.6 மீட்டர் வட்டத்தில் 9 சதவீதத்துக்கும் மேலாக நிரப்புகின்றன. இதே பரப்பை இரண்டே இறக்கைகளைக் கொண்டும் பெற முடியாதா என்று கேட்கலாம். பெற முடியும், ஆனால் அவை ஒரு மீட்டருக்கும் அதிகமான அகலம் கொண்ட பெரும் பலகைகளாக இருக்க வேண்டும். அத்தகைய பலகையைத் தாங்கும் மூட்டும் அதன் சாய்வை வினாடிக்குப் பலமுறை மாற்றும் கருவியும் அதற்கேற்பக் கனத்துப் போகும். பரப்பு தேவைப்படும்போது அதை நான்காகப் பகிர்ந்துகொள்வது புத்திசாலித்தனம் என்பது இங்கே புலப்படும்.

ஆனால் இறக்கைகளின் பரப்போடு அவை வரையும் வட்டத்தின் விஸ்தீரணத்தைக் குழப்பிக்கொள்ளலாகாது. அந்தரத்தில் நிற்க எவ்வளவு எஞ்சின் சக்தி செலவாகும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது வட்டமே. பெரிய வட்டத்தில் மிகுதியான காற்றை மெதுவாகக் கீழே தள்ளுவது, சிறிய வட்டத்தில் குறைந்த காற்றை வேகமாகத் தள்ளுவதைவிடச் சிக்கனமானது. பிரசண்டின் உச்ச எடை 5,800 கிலோ. வட்டத்தின் பரப்பால் வகுத்தால் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 42 கிலோ வருகிறது. பத்து டன்னுக்கு மேல் எடை கொள்ளும் அப்பாச்சிக்கு இது 60 கிலோவையும் கடக்கிறது. இரண்டுக்கும் இறக்கை நான்குதான். ஆனால் மலைமேல் நிற்பதற்கு முன்னதே ஏற்றது என்பதை இந்த இரண்டு எண்களே சொல்லிவிடுகின்றன. அதைவிடச் சிறந்த சாட்சி சீட்டா. அதன் மூலவடிவமான பிரெஞ்சு நாட்டு லாமா, 1972 ஜூன் 21 அன்று ஜான் பூலே என்ற விமானியால் 12,442 மீட்டர் உயரத்துக்கு, அதாவது எவரெஸ்ட் சிகரத்துக்கும் மேலே மூன்றரைக் கிலோமீட்டருக்கு, மூன்றே இறக்கைகளால் ஏற்றப்பட்டது. இலகுவான உடல், மிகுதியான எஞ்சின் சக்தி ஆகிய இரண்டும் அமைந்திருந்ததே காரணம். அதே சீட்டாவுக்குக் கவசமும் பீரங்கியும் ஏவுகணைகளும் பூட்டினால் அந்த இலகு எங்கே நிற்கும்? போருக்கென்று சுமை ஏறியவுடன் பரப்பின் தேவையும் ஏறிவிடுகிறது.

உயரத்தை விட்டு அதிர்வுக்கு வருவோம். ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு இறக்கையும் ஒருமுறை வேகமான காற்றையும் ஒருமுறை மெதுவான காற்றையும் சந்திப்பதால், அதன் தூக்குவிசை ஏறியும் இறங்கியும் துடிக்கிறது. அந்தத் துடிப்புகள் சுழலியின் மையத்தில் வந்து சேரும்போது ஒன்றையொன்று பெரும்பாலும் அழித்துக்கொள்கின்றன. அழியாமல் எஞ்சி உடலுக்குள் இறங்குபவை, ஒரு சுற்றுக்கு இறக்கைகளின் எண்ணிக்கை எவ்வளவோ அத்தனை முறையும், அதன் மடங்குகளாகவும் வருபவை மட்டுமே. திருவிழாவில் சுவாமியைச் சுமந்து செல்லும்போது இருவர் மட்டும் தூக்கினால் அவர்கள் அடிவைக்கும் ஒவ்வொரு தடவையும் பல்லக்கு குலுங்குவதையும், பலர் தோள் கொடுத்தால் ஒருவருடைய ஏற்றத்தில் மற்றவருடைய இறக்கம் கரைந்து சுவாமி அலுங்காமல் வருவதையும் கண்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கோப்ராவில் வினாடிக்குப் பதினொரு முறை அளவில் பெரிய குலுக்கலாக வந்தது, நான்கு இறக்கைச் சுழலியில் வினாடிக்கு இருபது முறை அளவில் சிறு நடுக்கமாக வருகிறது. துடிப்பின் வேகம் உயர உயர அதன் வலிமை குறையும் என்பது பொதுவான அனுபவம். இதில் சொகுசைவிடப் பெரிய காரியம் அடங்கியிருக்கிறது. தாக்குதல் ஹெலிகாப்டரின் மூக்கில் பொருத்திய தொலைநோக்கிக் கருவி பல கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள இலக்கை அசையாமல் பற்றிநிற்க வேண்டும். பீரங்கி குறி தவறாமல் இருக்க வேண்டும். நுண்ணிய மின்னணுக் கருவிகள் பழுதாகாமல் இருக்க வேண்டும். விமானி இரண்டு மணி நேரத்துக்குப் பின்னும் தெளிந்த புத்தியோடு இருக்க வேண்டும்.

இப்பொழுது இந்த விஷயத்தின் இதயத்துக்கு வருகிறோம். இறக்கைகளின் எண்ணிக்கையைவிட முக்கியமானது அவை சுழல்தண்டோடு எவ்வாறு இணைக்கப்பட்டிருக்கின்றன என்பது. ஆனால் இந்த இணைப்பின் வகையை எண்ணிக்கையே பல சமயங்களில் நிர்ணயித்துவிடுகிறது. இரண்டு இறக்கைகள் மட்டும் இருந்தால் இரண்டையும் ஒரே கட்டையாக்கி, நடுவில் ஒரு கீலில் ஏற்றி, ஒருபுறம் உயர்ந்தால் மறுபுறம் தாழுமாறு விட்டுவிடலாம். இதைவிட எளிய ஏற்பாடு வேறில்லை. கோப்ராவும் அதற்கு முந்திய ஹியூயியும் அவ்வாறு அமைந்தவையே. செலவு குறைவு, பாகங்கள் குறைவு, நிறுத்திவைக்க இடமும் குறைவு. ஆனால் அந்தக் கீல் யந்திரத்தின் உடலைத் திருப்பும் வலிமையற்றது. சுழலி சாய்ந்தால் தூக்குவிசையும் சாயும். உடல் அந்த விசையிலிருந்து ஊசலைப் போலத் தொங்கிக்கொண்டே பின்தொடரும். ஆகவே தூக்குவிசை இருக்கும்வரைதான் விமானிக்கு அதிகாரம்.

தாக்குதல் ஹெலிகாப்டரோ மலைமுகட்டுக்குப் பின்னே பதுங்கிச் சென்று, முகட்டைத் தாண்டியவுடன் மறுசரிவை ஒட்டி விரைந்து தாழ வேண்டியது. அப்படித் தாழும் கணத்தில் உடலின் எடை ஏறக்குறைய மறைந்து, சுழலியின் சுமையும் நீங்கிவிடுகிறது. அப்போது இரண்டு இறக்கைச் சுழலி விமானியின் சொல்லுக்குக் கட்டுப்படாது. பதற்றத்தில் அவர் கட்டுப்பாட்டுத் தண்டைப் பக்கவாட்டில் தள்ளினால் சுழலி அளவுக்கு மீறிச் சாய்ந்து, அதன் மையப்பகுதி சுழல்தண்டின் மீதே மோதி, தண்டு முறிந்துவிடவும் கூடும். அமெரிக்கப் படையினர் இவ்விதத்தில் இழந்த உயிர்கள் பல. நிலத்தைத் தழுவிப் பறக்கும் போர்முறையில் தேர்ந்தவர்களுக்கே இந்த ஆபத்து அதிகமாக நேர்ந்தது என்பதை எண்ணும்போது மனம் வருந்துகிறது.

மூன்றோ நான்கோ இறக்கைகள் வைத்தால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மூட்டு வேண்டும். மேலும் கீழும் அசைய ஒரு கீல், முன்னும் பின்னும் அசைய ஒரு கீல், சாய்வு மாற ஒரு தாங்கி, அசைவை அடக்க ஒரு தணிப்பான் என்று பாகங்கள் பெருகும். எண்ணெய் இடவும் தேய்ந்ததை மாற்றவும் ஆட்கள் ஓயாது உழைக்க வேண்டியிருக்கும். நான்கு இறக்கையின் நன்மையை வெகுகாலம் பலர் அறிந்திருந்தும் இரண்டோடு நின்றதற்கு இந்தச் சிக்கலே காரணம் என்பது என் எண்ணம். இதை அவிழ்த்தது உலோகத்துக்குப் பதிலாக வந்த கண்ணாடி நாரிழை. 1967-இல் ஜெர்மனியில் பறந்த போ-105 என்ற சிறு ஹெலிகாப்டரில் மேல்கீழ் அசைவுக்கான கீலையே நீக்கிவிட்டார்கள். நாரிழையால் ஆன இறக்கையின் அடிப்பகுதி தானே வளைந்து கொடுத்துக் கீலின் வேலையைச் செய்தது. பல்லாயிரம் மணி நேரம் வளைந்து நிமிர்ந்தாலும் சோர்ந்து விரிசல் விடாத குணம் அந்தப் பொருளுக்கு இருந்தது.

அந்த ஹெலிகாப்டரைத் தயாரித்த ஜெர்மன் நிறுவனமான மெசர்ஷ்மிட்-போல்கோ-புளோம் என்பதன் ஒத்துழைப்போடு 1984-இல் நம் நாட்டவர் தொடங்கிய பணியிலிருந்து, 1992 ஆகஸ்ட் 20 அன்று ‘துருவ்’ என்ற ஹெலிகாப்டர் பறந்தது. அதன் சுழலித் தலை சிலுவை வடிவமான இரண்டு கார்பன் நாரிழைத் தகடுகளின் இடையே அமைந்தது, கீல் கிடையாது. நான்கு இறக்கைகளுக்கு அந்தச் சிலுவை எவ்வளவு இயல்பாகப் பொருந்துகிறது என்பதை நோக்குக. கீலற்ற இறக்கை சாயும்போது தன் விறைப்பினாலேயே உடலையும் உடன் திருப்புவதால், முகட்டைத் தாண்டித் தாழும் அந்த எடையற்ற கணத்திலும் விமானியின் அதிகாரம் குறைவதில்லை. கோயம்புத்தூரை அடுத்த சூலூரைத் தளமாகக் கொண்ட ‘சாரங்’ என்ற விமானப்படைக் குழுவினர் துருவ் ஹெலிகாப்டர்களைக் கொண்டு வானில் புரியும் சாகசங்கள், 2024 அக்டோபரில் சென்னை மெரினாவில் இலட்சக்கணக்கானோர் கண்டு வியந்தவை, இந்தக் கீலற்ற தலையினாலேயே கைகூடுகின்றன. துருவின் இதே சுழலி அமைப்பை எடுத்து, ஒருவர் பின் ஒருவராக இருவர் அமரும் ஒடுங்கிய உடலின்மேல் ஏற்றியதே பிரசண்ட். மலை உயரத்தை மனத்தில் கொண்டு பிரெஞ்சுக்காரரோடு சேர்ந்து உருவாக்கிய சக்தி எஞ்சின்கள் இரண்டு அதற்கு உயிர் கொடுத்தன. 2015-ஆம் ஆண்டு நடந்த பரிசோதனைகளில் அது சியாச்சினில் 13,600 அடியிலும் 15,800 அடியிலும் உள்ள தளங்களில் இறங்கிக் காட்டியது. கார்கிலில் எழுந்த கேள்விக்கு அங்கே விடை கிடைத்தது.

அமெரிக்கரும் இதே பாதைக்குத்தான் வந்து சேர்ந்தார்கள். 1965-இல் இரண்டு இறக்கையோடு பிறந்த கோப்ராவின் வழித்தோன்றல், 2000-ஆம் ஆண்டு டிசம்பரில் நாரிழையால் ஆன நான்கு இறக்கைகளோடு பறந்தது. இத்தாலியரின் மங்குஸ்தா நான்கிலிருந்து ஐந்துக்குச் சென்றது. துருக்கியரின் அட்டாக் அதனிடமிருந்து அந்த ஐந்தைப் பெற்றுக்கொண்டது. உடல் எடை கூடியபோது வட்டத்தை அகலப்படுத்தாமல் பரப்பைக் கூட்ட வேண்டியிருந்தால் இன்னுமோர் இறக்கையே வழி.

ஐந்து இறக்கைகளைப் பற்றிப் பேசுகையில் எம்.ஐ.-25, எம்.ஐ.-35 ஆகியவையும் சேர்ந்த எம்.ஐ.-24 குடும்பத்தை விட்டுவிட முடியாது. எட்டு வீரர்களையும் ஏற்றிக்கொண்டு, கவசமும் தரித்து, மணிக்கு முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் பறக்க வேண்டும் என்று ருஷ்யர் கேட்டதால், 17 மீட்டர் வட்டமும் ஐந்து இறக்கையும் போதாமல் இரு பக்கமும் சிறகுகள் வேறு முளைத்தன. வேகமாகச் செல்கையில் அச்சிறகுகள் எடையில் ஒரு பகுதியைத் தாங்கி, பின்செல்லும் இறக்கையின் பாரத்தைக் குறைக்கின்றன; ஆனால் அந்தரத்தில் நிற்கும்போது கீழே செல்லும் காற்றை மறித்து இடைஞ்சலாகின்றன. வேகத்துக்காகச் செய்த சமாதானம் மலையில் தோல்வியுற்றதன் ஒரு காரணம் இது. இந்த வகை யந்திரத்தை ஈழத்தமிழர் புத்தகத்தில் படித்து அறிந்தவர் அல்லர். 1987-இல் சென்ற இந்திய அமைதிப்படையின் எம்.ஐ.-25-களும், 1995 முதல் இலங்கை விமானப்படையின் எம்.ஐ.-24-களும் அவர்களுடைய கூரைகளுக்கு மேல் பறந்திருக்கின்றன. யந்திரத்தின் நுட்பத்தை வியக்கும் எழுத்து, அதன் கீழே வாழ்ந்தவர்களை மறந்துவிடக் கூடாது.

சப்தத்திலும் எண்ணிக்கைக்குப் பங்குண்டு. இரண்டு அகன்ற இறக்கைகள் ஒவ்வொன்றும் பெரும்பாரம் தாங்குவதால் அவற்றின் நுனியிலிருந்து கழன்று செல்லும் காற்றுச் சுழி வலிமையானது. அடுத்து வரும் இறக்கை அச்சுழியில் மோதும்போது அடிப்பது போன்ற ஓசை எழுகிறது. அந்தத் தாழ்ந்த ஓசையைக் காற்று எளிதில் உறிஞ்சுவதில்லையாதலால் அது வெகுதூரம் பரவும். பள்ளத்தாக்குகளில் எதிரொலித்துப் பகைவனுக்கு முன்னறிவிப்பாகவும் ஆகும். இறக்கைகள் கூடினால் ஒவ்வொன்றின் சுழியும் மெலிந்து ஓசையும் சன்னமாகும். அப்பாச்சியின் வால் சுழலியில் நான்கு இறக்கைகளைச் சரிசமமான இடைவெளியில் வைக்காமல் கோணலாக வைத்திருப்பதைப் படங்களில் காணலாம். ஒரே சுருதியில் சேரும் ஓசையைப் பல சுருதிகளாகச் சிதறடிக்கும் உபாயம் அது.

இறக்கை மிகுதியாக இருந்தால் குண்டு பட்டு ஒன்று போனாலும் மற்றவற்றைக் கொண்டு தப்பிக்கலாம் என்ற எண்ணமும் சிலருக்கு உண்டு. இதைத் திட்டமாக மறுக்க வேண்டும். ஓர் இறக்கையின் நிறை 70 கிலோ, அதன் நிறைமையம் மையத்திலிருந்து 3.3 மீட்டர், சுழற்சி வினாடிக்கு ஐந்து என்று வைத்துக் கணக்கிட்டால், அது வெளிநோக்கி இழுக்கும் விசை ஏறத்தாழ 23 டன். பிரசண்டின் முழு எடையைப் போல் நான்கு மடங்கு அது. எதிரெதிர் இறக்கைகள் இந்த இழுப்பைச் சமன் செய்துகொண்டிருப்பதால்தான் நாம் அதை அறிவதில்லை; ஒன்று அற்றுப்போனால் அடுத்த கணமே மற்றதன் இழுப்பு சுழலித் தலையைப் பெயர்த்தெறிந்துவிடும். நான்கானாலும் ஐந்தானாலும் இதுவே கதி. ஆகவே பாதுகாப்பை எண்ணிக்கையில் தேடாமல் ஒவ்வொரு இறக்கையின் உறுதியிலும் தேடுகிறார்கள். 23 மில்லிமீட்டர் குண்டு துளைத்தாலும் உடையாமல் வீடு திரும்பும் வகையில் அப்பாச்சியின் இறக்கை பல அறைகளாகப் பகுத்து அமைக்கப்பட்டிருக்கிறது.

அப்படியானால் ஆறு, ஏழு என்று போகாததேன்? ஒவ்வொரு இறக்கையும் தன்னோடு ஒரு வேர், ஒரு சாய்வுத் தண்டு, ஒரு தணிப்பான் ஆகியவற்றைக் கொண்டுவருகிறது; சுழலித் தலை பருத்து, வேகமாகப் பறக்கையில் அதுவே பெரும் இழுவையாகிறது. ஒரே பரப்பைப் பலவாகப் பங்கிட்டால் இறக்கை ஒடுங்கி மெலிந்து, விறைப்பை இழந்து துவளும். 56 டன் எடையை 32 மீட்டர் வட்டத்தால் தூக்க வேண்டிய எம்.ஐ.-26-க்கு எட்டு இறக்கையின்றி வேறு வழியில்லை. ஆறு டன் பிரசண்டுக்கு அது வீண் பாரம். கப்பலில் ஒடுங்கிய இடத்தில் மடித்துவைக்க வேண்டியவற்றுக்கு எண்ணிக்கை கூடுவது வேறு தொல்லை. கீலற்ற இறக்கையை மடிப்பது அதைவிடத் தொல்லை.

இத்தனை நன்மைகளையும் தாங்குவது சுழலித் தலைக்குக் கீழே, வெளிப்பார்வைக்கு எடுபடாமல் இருக்கும் சில பாகங்களே என்பதையும் சொல்லியாக வேண்டும். 2025 ஜனவரி 5 அன்று போர்பந்தரில் கடலோரக் காவற்படையின் துருவ் ஹெலிகாப்டர் ஒன்று விழுந்து மூவர் உயிரிழந்தபோது, இறக்கைகளின் சாய்வை ஆளும் தட்டில் முறிவு கண்டார்கள். நாடெங்கும் துருவ் ஹெலிகாப்டர்கள் பல மாதம் தரையில் நின்றன. இறக்கையை நான்காக்கும் தீர்மானம் ஒரு நாளில் எடுக்கப்படுவது. அந்த நான்கையும் ஒவ்வொரு சுற்றிலும் பிழையின்றி ஆளும் தட்டையும் தாங்கியையும் காப்பது, யந்திரம் பறக்கும் காலம் முழுவதும் தீராத கடமை. இவ்விஷயத்தில் நம் தொழிற்சாலைகளும் பராமரிப்போரும் எந்தச் சலுகையும் கேட்கலாகாது, நாமும் கொடுக்கலாகாது.

2025 மார்ச் 28 அன்று பாதுகாப்பு அமைச்சகம் 156 பிரசண்ட் ஹெலிகாப்டர்களுக்கு ஒப்பந்தம் செய்திருக்கிறது. 66 விமானப்படைக்கும் 90 தரைப்படைக்கும் உரியவை. பெங்களூரிலும் துமகூருவிலும் அவை உருவாகும். எலஹங்காவில் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடைபெறும் விமானக் கண்காட்சிக்குச் செல்லும் வாய்ப்பு வாசகர்களுக்குக் கிட்டுமாயின், பிரசண்டின் பீரங்கியையும் ஏவுகணைகளையும் பார்த்த பிறகு, சற்று நேரம் ஒதுக்கி அதன் சுழலித் தலையையும் நான்கு இறக்கைகளும் அதில் வந்து சேரும் இடத்தையும் அண்ணாந்து பாருங்கள். உடன் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் காட்டுங்கள்.